முதியோருக்குக் காற்றும் வேண்டும், பேச்சும் வேண்டும்



2020-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிகள் மூடிக் கிடந்தன, தெருக்கள் வெறிச்சோடின. அப்போது நீங்கள் சிறுவர் சிறுமியராக இருந்திருப்பீர்கள். உங்களுக்கு அது நீண்ட விடுமுறையாகத் தோன்றியிருக்கலாம். உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அது எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாயாருக்கு அப்போது 74 வயது. வங்கியில் வேலை பார்க்கும் என் தம்பி ஊரடங்கிலும் நாள்தோறும் வெளியே சென்று வர வேண்டியிருந்தது. அவனால் அம்மாவுக்கு நோய் தொற்றிவிடுமோ என்று அஞ்சினோம். ஆகவே பின்கட்டு அறையை அவருக்கென ஒதுக்கினோம். வெளிக்காற்றில் கிருமி வந்துவிடும் என்று நினைத்துச் சன்னலைச் சாத்தினோம். புழுக்கத்திற்கு மின்விசிறியைச் சுழல விட்டோம். நாங்கள் முகக்கவசம் அணிந்துகொண்டு, வாசற்படியில் நின்றபடியே பேசினோம்.

இரண்டு வாரங்களில் அம்மா பேசுவதைக் குறைத்துவிட்டார். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் வந்தது. ஒரு நாள் என் மகள், "பாட்டி, பருப்பு போடட்டுமா?" என்று வாசற்படியிலிருந்து கேட்டாள். அம்மா அவளை வெறித்துப் பார்த்துவிட்டு, "செருப்பா? எனக்கு எதுக்குடி இனிமே செருப்பு?" என்றார். மகள் சிரித்தாள். என் தம்பி சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது" என்றான்.

மறுநாள் மகள் தன் பழைய சிலேட்டுப் பலகையில் பெரிய எழுத்தில், "பாட்டி, காபியா? கஞ்சியா?" என்று எழுதிக் காட்டினாள். அம்மா தெளிவாக, "கஞ்சி போதும். உப்பு மட்டும் நேத்து மாதிரி அள்ளிக் கொட்டாதே" என்றார். அவருடைய நினைவில் எந்தக் குறையும் இல்லை. எங்கள் சொற்கள்தாம் அவரைச் சென்று சேரவில்லை. ஒலியியலைப் பதினைந்து ஆண்டுகளாகக் கல்லூரியில் கற்பித்த எனக்கு இது முதலிலேயே தோன்றாமற் போனதை எண்ணி வெட்கப்பட்டேன்.

காற்றைப் பற்றி ஒரு தவறு, ஒலியைப் பற்றி ஒரு தவறு என்று இரண்டு தவறுகளை நாங்கள் செய்திருந்தோம். அந்த இரண்டையும் உங்கள் பாடப்புத்தக இயற்பியலைக் கொண்டே திருத்த முடியும். எப்படி என்று காண்போம்.

முதியோருக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

கோவிட்-19 நோயை உலகளாவிய பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று குறிப்பிட்டது. அந்நோய் எல்லா வயதினரையும் தொற்றியது. ஆனால் இறந்தவர்களுள் முதியோரே மிகுதி. வயது ஏற ஏற உடலின் எதிர்ப்பாற்றல் மந்தமாகிறது. நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, இதயநோய் போன்றவையும் பலருக்குச் சேர்ந்திருக்கும். இதனால்தான் 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்கும்படி இந்திய அரசு அறிவுறுத்தியது. 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்த அனைவருக்கும் ஊசி போடப்பட்டது. இடைப்பட்ட ஓராண்டு அவர்களுக்கு வீடே உலகமாயிற்று. அந்த வீட்டுக்குள் அவர்களைப் பாதுகாப்பாகவும் மனிதர்களோடு மனிதராகவும் வாழ வைப்பது எப்படி என்பதே கேள்வி.

துளி விழுமா, மிதக்குமா?

ஓட்டு வீடுகளில் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியே இறங்கும் வெயில் கற்றையில் தூசுகள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை கீழே விழுவதாகவே தெரியாது. கல் விழுகிறது, தூசு மிதக்கிறது. இரண்டையும் இழுப்பது ஒரே புவியீர்ப்புதானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

காற்றுக்கும் பாகுநிலை உண்டு. அதனூடே விழும் பொருளை அது தடுக்கிறது. பொருளின் வேகம் கூடக் கூடத் தடையும் கூடும். ஒரு கட்டத்தில் எடையும் தடையும் சமமாகிவிடும். அதன் பிறகு வேகம் மாறாது. இதுவே முற்றுத் திசைவேகம். இதற்கான விதியை 1851-இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் தந்தார். அவ்விதிப்படி, சிறு கோளத்தின் முற்றுத் திசைவேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பத்தில் ஒரு பங்கானால், விழும் வேகம் நூற்றில் ஒரு பங்காகிவிடும்!

நாம் பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து பலவகை அளவுகளில் நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான். இப்போது கணக்கிடுவோம். ஒன்றரை மீட்டர் உயரத்தில் வாய் இருப்பதாகக் கொள்வோம்.

100 மைக்ரான் விட்டமுள்ள துளி ஐந்தாறு விநாடிகளில் தரையை அடைந்துவிடும்.
10 மைக்ரான் துளி தரையை அடைய ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும்.
5 மைக்ரான் துளிக்கு அரைமணி நேரத்திற்கு மேல் வேண்டும்.
1 மைக்ரான் துளிக்கு 13 மணி நேரத்திற்கும் மேலாகும்.

இது அசையாத காற்றில். மின்விசிறி சுழலும் அறையில் சிறு துளிகள் விழ நேரமே கிடைக்காது. மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருக்கும். வேறொன்றும் உண்டு. துளியிலுள்ள நீர் விரைவில் ஆவியாகிறது. விழும் முன்பே உலர்ந்த துளி, உப்பும் சளிப்பொருளும் கிருமியும் அடங்கிய நுண்துகளாக எஞ்சி மிதக்கும். அமெரிக்க அறிஞர் வில்லியம் வெல்ஸ் 1934-இலேயே இதை விளக்கியிருந்தார். கொரோனா வைரசின் குறுக்களவு சுமார் 0.1 மைக்ரான்தான். ஆகவே, ஒரு மைக்ரான் துகளும் அதற்குப் பெரிய வாகனமே.

எனினும் 2020-இன் தொடக்கத்தில், இந்நோய் காற்றில் மிதந்து பரவுவதில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் கூறி வந்தது. தரையில் விழும் பெரிய துளிகளே காரணம் என்று கருதப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பணியாற்றும் இயற்பியலாளர் லிடியா மொராவ்ஸ்கா இதை மறுத்தார். அவரும் மற்றோர் அறிஞரும் எழுதிய வேண்டுகோளை 239 அறிவியலாளர்கள் ஆதரித்தனர். 2020 ஜூலையில் அது வெளியாயிற்று. பின்னர், 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் பங்கைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. உயிர்காக்கும் ஓர் உண்மைக்கு ஸ்டோக்ஸ் விதி துணை நின்றது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

சன்னலும் மின்விசிறியும்

இப்போது என் வீட்டின் முதல் தவறு உங்களுக்குப் புரிந்திருக்கும். மூடிய அறையில் மின்விசிறி காற்றைக் கலக்குமேயன்றி வெளியேற்றாது. தம்பி வாசற்படியில் நின்று பேசியபோது வெளிப்பட்ட துகள்கள் அறைக்குள் புகுந்தால், சுற்றிச் சுற்றி அங்கேயே கிடக்கும். கிருமி வெளியிலிருந்து வரும் என்று அஞ்சிச் சாத்திய சன்னல், உள்ளே வந்த கிருமியை வெளியே விடாமல் தடுத்திருக்கும்.

ஓர் எளிய ஒப்புமை. ஒரு குவளையில் சாயநீர் இருக்கிறது. அதில் நல்ல நீரை மெல்ல ஊற்றுகிறீர்கள், நிரம்பி வழிகிறது. ஒரு குவளை அளவு நீர் ஊற்றியதும் சாயம் முழுவதும் போய்விடுமா? போகாது. ஊற்றும்போதே நீர் கலந்துகொண்டிருப்பதால் 37 சதவீதம் மிஞ்சும். இரண்டாம் குவளைக்குப் பின் 14 சதவீதம், மூன்றாவதற்குப் பின் 5 சதவீதம் எஞ்சும்.

அறைக் காற்றும் இப்படித்தான். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 36 கனமீட்டர். மூடிய அறையில் இடுக்குகள் வழியே மணிக்கு அரைமடங்கு காற்று மாறுவதாகக் கொள்வோம். ஒரு மணி கழித்தும் நுண்துகள்களில் 60 சதவீதம் அங்கேயே மிதக்கும். சன்னலும் எதிர்ப்புறக் கதவும் திறந்து மணிக்கு ஆறு மடங்கு காற்று மாறினால், அரைமணியில் 5 சதவீதமே எஞ்சும். ஒரு மணியில் நானூறில் ஒரு பங்குதான் இருக்கும்.

செய்து பாருங்கள் - 1: பெரியவர்கள் இல்லாத ஓர் அறையில் ஒரே ஒரு ஊதுவத்தியை ஒரு நிமிடம் கொளுத்தி அணைத்துவிடுங்கள். (ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் இருக்க வேண்டாம்.) சன்னலை மூடி, மின்விசிறியைச் சுழல விட்டு, வெளியே சென்று பத்து நிமிடம் கழித்து வாருங்கள். மணம் இருக்கிறதா? மறுநாள் அதே சோதனையை ஒரு சன்னலைத் திறந்து செய்யுங்கள். மூன்றாம் நாள் எதிரெதிரான இரண்டு திறப்புகளையும் திறந்து செய்யுங்கள். ஒரு சன்னலுக்கும் இரண்டு திறப்புகளுக்கும் உள்ள வேறுபாடு உங்களை வியக்க வைக்கும். காற்றுக்கு வரவழி மட்டும் போதாது. போகும் வழியும் வேண்டும்.

தாத்தாவின் கட்டிலை எங்கே போடுவது என்பதை இச்சோதனையைக் கொண்டு நீங்களே முடிவு செய்யலாம். காற்று முதலில் அவரைக் கடந்து, பிறகு மற்றவர் இருக்கும் பக்கம் செல்வதே நல்லது. அதாவது, அவர் காற்று வரும் சன்னலின் பக்கமும், வெளியே போய் வருபவர்கள் காற்று வெளியேறும் பக்கமும் இருக்க வேண்டும்.

முகக்கவசமும் காதும்

இனி இரண்டாம் தவறு. முகக்கவசம் நல்லது, விலகி நிற்பதும் நல்லது. ஆனால் இரண்டும் சேர்ந்து முதியோரின் காதுக்கு என்ன செய்கின்றன?

நம் பேச்சில் இருவகை ஒலிகள் உள்ளன. அ, ஆ, இ போன்ற உயிரொலிகள் வலுவானவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பும் சீறலும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளன. உயிரொலி பேச்சுக்கு உரப்பைத் தருகிறது. மெய்யொலி பொருளைத் தருகிறது. கட்டி, சட்டி, தட்டி, பட்டி என்று சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யைத் தவிர எல்லாம் ஒன்றே. அந்த மெய் காதில் விழாவிட்டால் நான்கும் ஒரே சொல்லாகிவிடும்.

இளைஞர்களின் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதாகும்போது உட்காதிலுள்ள உணர்மயிர்ச் செல்கள் சிதைகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் தேய்வது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறனே. ஆகவே முதியவர், "நீ பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறாய் என்றுதான் விளங்கவில்லை" என்பார். அது முற்றிலும் உண்மை.

முகக்கவசம் இதே உயர் அதிர்வெண்களைத்தான் விழுங்குகிறது. 2020-இல் செய்த அளவீடுகளின்படி, 2000 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைச் சாதாரண மருத்துவ முகக்கவசம் 3 அல்லது 4 டெசிபல் குறைக்கிறது. என்-95 வகை ஏறத்தாழ 12 டெசிபல் வரை குறைக்கிறது. தாழ்ந்த ஒலிகளை அது அவ்வளவாகத் தொடுவதில்லை.

இத்துடன் தொலைவையும் சேருங்கள். திறந்த வெளியில் ஒலிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அரை மீட்டரில் பேசிய நீங்கள் இரண்டு மீட்டருக்கு விலகினால், தொலைவு நான்கு மடங்கு; செறிவு பதினாறில் ஒரு பங்கு. அதாவது 12 டெசிபல் குறைவு. என்-95 குறைப்பதும் 12. ஆக மொத்தம் 24 டெசிபல். செறிவில் இது ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு! அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இவ்வளவு இராது; ஆனால் அந்த எதிரொலியே சொற்களைக் குழப்பவும் செய்யும். மின்விசிறியின் இரைச்சல் வேறு. போதாக்குறைக்கு, இத்தனை நாளும் அவர் அறியாமலேயே நம் உதடுகளைப் பார்த்துப் பல சொற்களை ஊகித்து வந்தார். இப்போது உதடும் மறைந்துவிட்டது.

அவரை நோயிலிருந்து காக்க நாம் செய்த இரண்டு செயல்களும் அவரைப் பேச்சிலிருந்து பிரித்துவிட்டன. இரண்டு மூன்று முறை "என்ன?" என்று கேட்பார். நாம் சலித்துக்கொள்வோம். நான்காம் முறை கேட்க மாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நாமோ, "தாத்தா மாறிவிட்டார்" என்போம்.

செய்து பாருங்கள் - 2: கட்டி, சட்டி, தட்டி, பட்டி என்ற நான்கு சொற்களையும் முறைமாற்றி 20 சொற்கள் கொண்ட பட்டியல் தயாரியுங்கள். நண்பர் திரும்பி உட்காரட்டும். இரண்டு மீட்டர் தொலைவில் முகக்கவசத்துடன், மின்விசிறி ஓடும்போது வாசியுங்கள். அவர் கேட்டதை எழுதட்டும். பிறகு மின்விசிறியை நிறுத்தி வாசியுங்கள். அடுத்து ஒரு மீட்டரில், கடைசியாக முகக்கவசமின்றி நேருக்கு நேர் பார்த்தபடி வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் இருபதுக்கு எத்தனை சரி? எந்த மெய் அதிகம் தவறுகிறது? 'ப்' சொல்லும்போது உதடுகள் மூடுவது கண்ணுக்குத் தெரியும், 'க்' தெரியாது. முகத்தைப் பார்த்ததும் மதிப்பெண் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

உரக்கக் கத்தலாமா?

கத்தினால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்களால் கூடாது. கத்தும்போது ஏற்கெனவே வலுவாக உள்ள உயிரொலிதான் மேலும் பெருகுகிறது. மெய்யொலி அதே அளவில் பெருகுவதில்லை. ஆகவே இரைச்சல் கூடுகிறது, தெளிவு கூடுவதில்லை. கேட்பவருக்கு நீங்கள் கோபமாக இருப்பதாகவும் தோன்றும்.

இரண்டாம் காரணம் இன்னும் முக்கியமானது. பேச்சின் உரப்பு கூடக் கூட, வாயிலிருந்து வெளிப்படும் நுண்துகள்களின் எண்ணிக்கையும் கூடுகிறது என்று 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விநாடிக்கு ஒன்று என்ற அளவிலிருந்து ஐம்பது வரை அது உயர்ந்தது. தொலைவில் நின்று கத்துவதால் தொலைவின் பயனில் ஒரு பகுதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் காற்றும் ஒலியும் கைகோக்கின்றன. நல்ல காற்றோட்டம் இருந்தால் சற்று நெருங்கி உட்காரலாம். நெருங்கி உட்கார்ந்தால் மெதுவாகப் பேசினாலே போதும். மெதுவாகப் பேசினால் துகள்கள் குறையும். திண்ணை, முற்றம், மொட்டை மாடி ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். காய்ச்சலோ இருமலோ இல்லாதவர், முகக்கவசத்துடன், திறந்த வெளியில், ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவது, மூடிய அறையின் வாசலில் நின்று கத்துவதைவிடப் பாதுகாப்பானது, அன்பானதும்கூட.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். அம்மாவின் அறைச் சன்னலைத் திறந்தோம். மாலை ஐந்து மணிக்குப் பின்முற்றத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டோம். வேறு சில சிறு மாற்றங்களையும் செய்தோம்:

பேசத் தொடங்குமுன் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ அழைத்து, அவர் பார்த்த பிறகே பேசினோம்.
மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்சி ஆகியவற்றை நிறுத்திவிட்டுப் பேசினோம்.
சொற்களுக்கு இடையே சிறிது இடைவெளி விட்டோம்.
ஒரு சொல் விளங்காவிட்டால் அதையே திரும்பக் கத்தாமல் வேறு சொல்லால் சொன்னோம். "பருப்பு" விளங்காவிட்டால் "சாம்பார்".
மாத்திரை, நேரம், தொகை ஆகியவற்றைச் சிலேட்டில் எழுதினோம்.

மூன்று நாட்களில் பழைய அம்மா திரும்பிவிட்டார். நான்காம் நாள் உப்பைப் பற்றி மட்டுமின்றி, புளியைப் பற்றியும் குறை சொன்னார்!

தொலைபேசியில் பேசும்போது

வெளியூரில் உள்ள தாத்தாவுக்குத் தொலைபேசிதான் துணை. ஆனால் பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே அனுப்பும். சீறும் மெய்கள் பெரும்பாலும் வழியிலேயே கழிந்துவிடும். இணையவழிக் காணொளி அழைப்பில் பொதுவாக இதைவிட அகன்ற அதிர்வெண் வீச்சு கிடைக்கும், உதடுகளும் தெரியும். அழைக்கும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் உங்கள் முகம் கறுத்துத் தெரியும். ஒலி வந்து சேரச் சிறிது தாமதமாகும். அவர் முடித்ததும் ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். ஆறு பேர் சேர்ந்து கூச்சலிடும் அரைமணி அழைப்பைவிட, ஒருவர் மட்டும் பேசும் பத்து நிமிட அழைப்பு அவருக்கு இனிமையாக இருக்கும்.

விரல்நுனியில் ஒரு விளக்கு

"எனக்கு ஒன்றுமில்லை" என்பது முதியோரின் வழக்கமான பதில். அதில் ஓர் ஆபத்து உண்டு. வயதானவர்களுக்குத் தொற்று கண்டாலும் காய்ச்சல் அதிகம் ஏறாமல் போகலாம். கோவிட்-19 நோயாளிகள் சிலருக்கு, மூச்சுத் திணறல் தோன்றும் முன்பே இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது. இதைக் கண்டறிய உதவியது விரலில் மாட்டும் சிறு கருவி, ஆக்ஸிமீட்டர்.

ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1974-இல் இதன் தத்துவத்தை வெளியிட்டார். கருவியின் ஒருபுறத்திலிருந்து 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியும் விரலூடே பாய்கின்றன. ஆக்ஸிஜன் ஏற்ற இரத்தம் சிவப்பொளியைக் குறைவாக உட்கவரும். ஆக்ஸிஜன் இழந்த இரத்தம் கூடுதலாக உட்கவரும். அகச்சிவப்பில் இது தலைகீழ். தோலும் எலும்பும் உட்கவர்வது மாறாது. தமனி இரத்தத்தின் அளவு மட்டும் நாடித் துடிப்புக்கேற்ப மாறும். அந்த மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு ஒளிகளின் விகிதத்திலிருந்து கருவி கணக்கிடுகிறது.

தத்துவம் தெரிந்தால் பிழைகளும் தெரியும். நகப்பூச்சும் மருதாணியும் ஒளியை மறைக்கலாம். குளிர்ந்த விரலில் துடிப்பு நலிந்திருக்கும். கருமை நிறத் தோலில் கருவி சில வேளை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும் என்று 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்தது. நம் நாட்டவர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். ஆகவே தாத்தாவை ஐந்து நிமிடம் அமரச் செய்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். நலமுள்ளவர்க்கு 95 முதல் 100 இருக்கும். 94 அல்லது அதற்குக் கீழ் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். 90-ஐ நெருங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நுரையீரல் நோய் உள்ளவர்க்கு அளவு வேறுபடலாம். அதை மருத்துவரே சொல்வார். ஒரு நாளின் எண்ணைவிட, நாளுக்கு நாள் அது இறங்குகிறதா என்பதே முக்கியம். இந்தக் குறிப்பேட்டை எழுதும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

நாளுக்கு ஓர் ஒழுங்கு

கோயில், சந்தை, நண்பர்களோடு நடை என்று பழகியவருக்கு அவையெல்லாம் ஒரே நாளில் நின்றால், காலை எது மாலை எது என்பதே மங்கிவிடும். காலை வெயிலில் கால்மணி நேர நடை, குறித்த நேரத்தில் உணவு, மாலையில் பேச்சு என்ற ஒழுங்கு உறக்கத்தையும் சீராக்கும். படுத்தே கிடந்தால் முதியோரின் தசைகள் விரைவில் நலியும். பிறகு எழுந்து நடக்கும்போது விழும் அபாயம் உண்டு. மொட்டை மாடிக்கு ஏற முடியாவிட்டால் கூடத்திலேயே நடக்கட்டும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஒழுங்கை அவரைக் கேட்டு அமையுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பெட்டியில் பூட்டி வைக்க அவர் பொருளல்லர். கீரை ஆய்வது, கணக்கு எழுதுவது, உங்களுக்குச் செய்யுள் சொல்லித் தருவது என்று ஏதேனும் ஒரு வேலை அவருடையதாக இருக்கட்டும்.

கொள்ளைநோயைப் பற்றி அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். 1980 மே மாதம்தான் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள் அந்த நோயின் காலத்தில் வளர்ந்தவர்கள். பின்முற்றத்தில் ஒரு மாலை என் தாயார் சொன்னார்: "அம்மை வந்த வீட்டு வாசல்ல வேப்பிலை செருகியிருப்பாங்க. வெளியாள் யாரும் உள்ளே போக மாட்டாங்க. ஆனா உள்ளே ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து வேப்பிலையால விசிறிக்கிட்டே பேசிட்டிருப்பாங்க." முன்பே அம்மை கண்டு தேறியவரையே அருகில் வைப்பார்களாம், அவருக்கு அது மீண்டும் வராது. விலக்கி வைக்கும்போதும் ஒருவரைத் துணைக்கு வைக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கோவிட்-19 குறித்த உலகளாவிய அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுற்றது. நோய்க்கிருமி இன்னும் உலவுகிறது. ஆண்டுதோறும் சளிக்காய்ச்சலும் வருகிறது. வேறொரு பெருந்தொற்று வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. வந்தால், உங்கள் வீட்டில் முதலில் சன்னலைத் திறப்பவராகவும், நாற்காலியை முற்றத்தில் போடுபவராகவும் நீங்கள் இருங்கள். அதற்கு வேண்டிய இயற்பியல் இப்போது உங்களிடம் இருக்கிறது.

பயிற்சி

1. 10 மைக்ரான் விட்டமுள்ள துளி விநாடிக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் விழுகிறது. 20 மைக்ரான் துளி 1.5 மீட்டர் விழ எவ்வளவு நேரமாகும்? (விடை: 125 விநாடி)
2. திறந்த வெளியில் ஒரு மீட்டரில் கேட்ட பேச்சின் செறிவு மூன்று மீட்டரில் எத்தனையில் ஒரு பங்காகும்? (விடை: ஒன்பதில் ஒரு பங்கு)
3. உங்கள் வீட்டின் தரைப்படம் வரைந்து, காற்று நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். தாத்தாவின் கட்டில் சரியான இடத்தில் இருக்கிறதா?
4. இன்று மாலை பாட்டியின் அருகில் அமர்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். எத்தனை முறை "என்ன?" என்று கேட்டார் என எண்ணுங்கள். மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து ஒரு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள்.